ஆங்கிலத்தில் எந்த வினைக்கும் எந்தப் பெயரடைக்கும் எந்த முன்னிடைச்சொல்: படிப்படியான வழிகாட்டி

காலங்களைப் பிழையின்றி எழுதத் தெரிந்த பிறகும், வாக்கியத்தை முறையாகக் கட்டத் தெரிந்த பிறகும், ஒரே இடத்தில் மட்டும் விடாமல் இடறுகிறவர்கள் மிகப் பலர். வினைக்கும் பெயரடைக்கும் பின்னால் 'அட்', 'இன்', 'ஆன்', 'டு', 'ஃபார்', 'வித்' போன்ற முன்னிடைச்சொற்கள் வந்து ஒட்டும் இடம் அது. மாலை வகுப்பொன்றில் பல ஆண்டுகளாக இதைக் கற்பித்தும், வந்தவர்களின் தாள்களைத் திருத்தியும் வந்ததில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. கற்பவர்கள் முன்னிடைச்சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று இருப்பதாக நம்பி, தமிழில் அந்த இடத்தில் வரும் வேற்றுமை உருபை எடுத்து அதற்கு ஈடாக வைக்கிறார்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. எந்த முன்னிடைச்சொல் வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதற்கு முன்னால் நிற்கும் வினை அல்லது பெயரடையே.

இந்த நடைமுறை நமக்குப் புதிதன்று. தமிழிலும் 'பேருந்தில் ஏறினான்' என்போம்; 'பேருந்துக்கு ஏறினான்' என்று ஒருவர் சொன்னால் நம் காது ஒப்பாது. 'நாய்க்குப் பயப்படுகிறாள்', 'அவனை நம்புகிறாள்', 'எனக்குப் பிடிக்கும்' என ஒவ்வொரு வினையும் தனக்குரிய உருபைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஏன் என்று கேட்டால் நம்மில் பலரால் காரணம் சொல்ல முடியாது. அந்த வினை அப்படித்தான் வரும் என்போம். ஆங்கிலச் சொற்களையும் அதே கண்ணால் பார்க்கப் பழகுவதற்கே கீழ்வரும் படிகள்.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு: உடைமையையும் தொடர்பையும் காட்டும் சொல்லை 'ஆவ்' என்றும், 'விளக்கை அணை' என்னும் பொருளில் 'டர்ன்' என்பதோடு வரும் சொல்லை 'ஆஃப்' என்றும் இங்கு எழுதியிருக்கிறேன். ஒலிப்பிலும் அவை வேறு வேறானவை. இரண்டையும் 'ஆஃப்' என்றே எழுதினால் குழப்பம் வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நீங்கள் அண்மையில் எழுதிய ஆங்கிலம் இரண்டு மூன்று பக்கங்கள். அலுவலக மின்னஞ்சல், விண்ணப்பக் கடிதம், பயிற்சிக் கட்டுரை என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொருவரும் பிழை செய்யும் சொற்கள் வேறு வேறு. உங்கள் பக்கத்தில் இல்லாத பிழையைத் திருத்திக்கொண்டிருப்பது நேர விரயம்.

இரண்டாவது, பயில்வோருக்கென எழுதப்பட்ட ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி. ஆங்கிலம்–தமிழ் அகராதி 'அஃப்ரெய்ட்' என்பதற்குப் 'பயந்த' என்று பொருள் தரும். அதன்பின் 'ஆவ்' வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகிய மூன்று பயில்வோர் அகராதிகளையும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். இத்தகைய அகராதிகளில் 'எஸ்.பி.' என்ற சுருக்கம் யாரோ ஓர் ஆளையும், 'எஸ்.டி.எச்.' என்ற சுருக்கம் ஏதோ ஒரு பொருளையும் குறிக்கும். புதிதாக வருகிறவர்கள் இந்தச் சுருக்கங்களைக் கண்ணில் படாதவைபோல் தாண்டிப் போகிறார்கள். இந்த வழிகாட்டிக்கு அச்சுருக்கங்கள் வரும் வரியே உயிர்.

மூன்றாவது, ஒரு நோட்டு. அதில் எழுதும் முறையைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

2. சொல் வினையா, பெயரடையா என்று முதலில் பார்த்தல்

முன்னிடைச்சொல்லுக்குப் போகும் முன் இதை முடித்துவிட வேண்டும். பெயரடையாக இருந்தால் அதற்கு முன் 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' போன்ற துணை தேவை; வினையாக இருந்தால் அந்தத் துணை கூடாது. 'ஐ ஆம் அக்ரீ வித் யூ' என்பது வகுப்பில் நான் அன்றாடம் கேட்கும் வாக்கியம். 'அக்ரீ' வினை, ஆகவே 'ஐ அக்ரீ வித் யூ' என்பதே சரி. மறுபுறம் 'ஐ இன்ட்ரஸ்டட் இன் மியூசிக்' என்பதில் 'ஆம்' விட்டுப்போயிருக்கிறது. தமிழில் 'எனக்கு இசையில் ஆர்வம்' என்பது வினையே இல்லாமல் முழு வாக்கியமாக நிற்பதால் இந்தக் குறை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரே கருத்துக்கு இரண்டு வடிவும் இருக்கும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 'இட் டிபெண்ட்ஸ் ஆன் தி வெதர்' சரி. 'இட் இஸ் டிபெண்டன்ட் ஆன் தி வெதர்' என்பதும் சரி. 'இட் இஸ் டிபெண்ட்ஸ் ஆன்' என்று இரண்டையும் கலந்தால் தவறு. 'இன்ட்ரஸ்டட்', 'இன்ட்ரஸ்டிங்' வேறுபாடும் இங்கேயே தீர வேண்டும். ஆர்வம் கொண்டவர் 'இன்ட்ரஸ்டட்'. ஆர்வத்தைத் தூண்டுவது 'இன்ட்ரஸ்டிங்'. 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் கிரிக்கெட்' என்று எழுதிவிட்டால், அதன்பின் 'இன்' சரியாக வந்தும் பயனில்லை.

3. தமிழ் உருபு உள்ளே வந்திருக்கும் இடங்களைக் குறித்தல்

இப்போது நீங்கள் எழுதிய பக்கங்களை எடுத்து, ஒவ்வொரு முன்னிடைச்சொல்லையும் வட்டமிட்டு, அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழ் உருபும் ஆங்கில முன்னிடைச்சொல்லும் அப்படியே பொருந்தினால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். பொருந்துவதெல்லாம் தவறு என்று சொல்ல வரவில்லை. 'இன்ட்ரஸ்டட் இன்' என்பதில் 'இல்'லும் 'இன்'னும் தற்செயலாக ஒத்துப்போகின்றன. ஆனால் அந்தப் பொருத்தத்தை நம்பி எழுதும் பழக்கமே அடுத்த வாக்கியத்தில் கவிழ்த்துவிடும்.

'மேல்' என்னும் சொல் தரும் தொல்லை அதிகம். 'அவன் மேல் கோபம்' என்பது 'ஆங்ரி ஆன் ஹிம்' ஆகிவிடுகிறது. வேண்டியது 'ஆங்ரி வித் ஹிம்'. 'உன் மேல் நம்பிக்கை' என்பது 'கான்ஃபிடன்ஸ் ஆன் யூ' ஆகிறது. வேண்டியது 'கான்ஃபிடன்ஸ் இன் யூ'.

'பற்றி' வரும் இடமெல்லாம் 'அபவுட்' வந்துவிடுகிறது: 'டிஸ்கஸ் அபவுட்', 'மென்ஷன் அபவுட்', 'டிஸ்க்ரைப் அபவுட்'. இம்மூன்றிலும் 'அபவுட்' தேவையில்லை. 'அவரிடம் கேள்' என்பதிலுள்ள 'இடம்' 'ஆஸ்க் டு ஹிம்' ஆகிறது. 'ஆஸ்க் ஹிம்' போதும். 'அவருக்குப் போன் செய்' என்பதிலுள்ள 'கு' 'கால் டு ஹிம்' ஆகிறது. 'கால் ஹிம்' போதும். 'என்னைவிட மூத்தவர்' என்பது 'சீனியர் தன் மீ' ஆகிறது. 'சீனியர் டு மீ' என்றே வரவேண்டும். 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்', 'ஜூனியர்' ஆகியவையும் 'டு' ஏற்பவையே. இவை லத்தீனிலிருந்து வரும்போதே ஒப்பீட்டுப் பொருளோடு வந்தவை என்பதால் ஒப்பீட்டுக்குரிய 'தன்' இவற்றோடு சேராது. 'ப்ரிஃபர்' வினையும் அப்படியே: 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி'.

'இல்' உருபு 'குட் இன் மேத்ஸ்' என்று வரவைக்கிறது. 'குட் அட் மேத்ஸ்' என்பதே வழக்கு. 'ஓடு', 'உடன்' ஆகியவை 'மேரீட் வித்' என்று வரவைக்கின்றன. 'மேரீட் டு' என்பதே சரி. இந்த வட்டமிடும் வேலையை மற்றப் படிகளுக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் பிழை எந்த உருபிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், இதுவரை எழுதாத வாக்கியத்திலும் அது வரப்போகும் இடத்தை முன்கூட்டியே உணர முடியும்.

4. முன்னிடைச்சொல்லே வேண்டாத வினைகளை முதலில் முடித்தல்

எதைச் சேர்ப்பது என்று கற்பதற்கு முன், எதைச் சேர்க்கக் கூடாது என்பதைக் கற்றுவிடுவது எளிது. இந்த வினைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அலுவலக எழுத்தில் வரிக்கு வரி வருபவை. வகுப்புக்கு வந்த ஒருவர் தம் மேலாளருக்கு அனுப்பவிருந்த மின்னஞ்சலை என்னிடம் காட்டினார். அதில் இருந்தது இது:

'வீ டிஸ்கஸ்ட் அபவுட் தி பட்ஜெட் அண்ட் ஹி மென்ஷன்ட் அபவுட் தி டிலே. ஐ வில் கான்டாக்ட் வித் தி சப்ளையர் அண்ட் ரிக்வெஸ்ட் ஃபார் எ நியூ டேட்.'

நான் புதிதாக ஒரு சொல்லும் எழுதவில்லை. நான்கு சொற்களை அடித்தேன்: 'அபவுட்', 'அபவுட்', 'வித்', 'ஃபார்'. வாக்கியங்கள் இரண்டும் நிமிர்ந்துவிட்டன.

இப்பிழைக்குத் தமிழ் உருபு மட்டும் காரணமன்று. ஆங்கிலத்திலேயே ஒரே பொருள் தரும் இரட்டைச் சொற்கள் உண்டு. ஒன்று முன்னிடைச்சொல்லோடு வரும், மற்றொன்று அது இல்லாமல் வரும். கற்பவர் இரண்டையும் கேட்டிருப்பதால் ஒன்றின் வாலை மற்றொன்றில் ஒட்டிவிடுகிறார். ஆகவே இவற்றை இணையாகக் கற்பதே பயன் தருகிறது:

'டாக் அபவுட்' — 'டிஸ்கஸ்'
'வெயிட் ஃபார்' — 'அவெயிட்'
'ஆஸ்க் ஃபார்' — 'ரிக்வெஸ்ட்'
'அரைவ் அட்' — 'ரீச்'
'கோ இன்டு' — 'என்டர்'
'லுக் இன்டு' — 'இன்வெஸ்டிகேட்'
'கன்சிஸ்ட் ஆவ்' — 'கம்ப்ரைஸ்'
'ரிப்ளை டு' — 'ஆன்சர்'

'மேரி', 'ரிசெம்பிள்', 'அப்ரோச்', 'அட்டெண்ட்', 'லேக்' ஆகியவையும் நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்பவை. இவற்றுள் சில முன்னிடைச்சொல் சேர்ந்தால் வேறு பொருள் தரும். 'அட்டெண்ட் தி மீட்டிங்' என்றால் கூட்டத்தில் கலந்துகொள்வது. 'அட்டெண்ட் டு தி பேஷன்ட்' என்றால் நோயாளியைக் கவனிப்பது. 'என்டர் தி ரூம்' என்பது அறைக்குள் நுழைவது. 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' என்பது ஒப்பந்தம் செய்துகொள்வது.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. 'பாட்டைக் கேள்' என்பதிலுள்ள 'ஐ' உருபு 'லிசன் மியூசிக்' என்று எழுதவைக்கிறது. 'லிசன் டு மியூசிக்' என்பதே சரி. 'சர்ச்' வினையில் இந்த வேறுபாடு கூர்மையானது. 'தே சர்ச்ட் தி ஹவுஸ்' என்றால் வீட்டைச் சோதனையிட்டார்கள். 'தே சர்ச்ட் ஃபார் தி ஹவுஸ்' என்றால் வீடு எங்கே இருக்கிறது என்று தேடி அலைந்தார்கள்.

5. முன்னிடைச்சொல் ஏற்கும் வினைகளைக் குடும்பமாகக் கற்றல்

அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. நாற்பது இணைகளைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணவர் அடுத்த நாளே கடிதத்தில் தவறு செய்வதைப் பார்த்திருக்கிறேன். பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் சொற்களுக்கிடையே பொருள் உறவு எதுவும் இல்லாததால், எழுதும் வேளையில் நினைவு உதவிக்கு வருவதில்லை. பொருளால் உறவுடைய வினைகளைச் சேர்த்துக் கற்றால் ஒன்று மற்றொன்றை இழுத்துவரும்.

'அட்' குறி வைப்பதைக் காட்டுகிறது: 'லுக் அட்', 'பாயின்ட் அட்', 'எய்ம் அட்', 'லாஃப் அட்', 'ஷவுட் அட்'. வகுப்பில் இதைக் காட்ட ஒரு பந்து போதும். 'த்ரோ தி பால் டு ஹிம்' என்றால் அவர் பிடிப்பதற்காக எறிவது. 'த்ரோ தி பால் அட் ஹிம்' என்றால் அவர்மேல் படும்படி எறிவது. இரண்டையும் செய்து காட்டிய பிறகு, 'ஷவுட் டு' என்பது தொலைவில் இருப்பவருக்குக் கேட்கும்படி கூவுவது, 'ஷவுட் அட்' என்பது சினந்து கத்துவது என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

'ஃபார்' இன்னும் கைக்கு வராத ஒன்றை நாடுவதைக் காட்டுகிறது: 'வெயிட் ஃபார்', 'ஹோப் ஃபார்', 'ஆஸ்க் ஃபார்', 'லுக் ஃபார்', 'அப்ளை ஃபார்'. வேலைக்கு விண்ணப்பித்தால் 'அப்ளை ஃபார் எ ஜாப்'. விண்ணப்பம் போய்ச்சேரும் நிறுவனத்தைச் சொன்னால் 'அப்ளை டு எ கம்பெனி'. 'ஃப்ரம்' தடுப்பதையும் காப்பதையும் பிரிப்பதையும் காட்டுகிறது: 'ப்ரிவென்ட்', 'ஸ்டாப்', 'ப்ரொடெக்ட்', 'சேவ்', 'பேன்' ஆகியவற்றின் செயப்படுபொருளுக்குப் பின் அது வரும். 'ஆன்' சார்ந்து நிற்பதையும் ஒன்றிலேயே ஊன்றி நிற்பதையும் காட்டுகிறது: 'டிபெண்ட் ஆன்', 'ரிலை ஆன்', 'கவுன்ட் ஆன்', 'இன்சிஸ்ட் ஆன்', 'கான்சன்ட்ரேட் ஆன்'.

இந்தக் குடும்பங்கள் நினைவுக்குத் துணை மட்டுமே, விதியாகா. புதிய வினை ஒன்றைக் கண்டால் குடும்பத்தை வைத்து ஊகிக்கலாம். எழுதும் முன் அகராதியில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நம்மிடையே பரவலாக உள்ள இன்னொரு பழக்கம், வேண்டாத கூடுதல் சொல்லை ஒட்டுவது. 'கோப் அப் வித்' என்று நம் ஊரில் பலர் எழுதுகிறார்கள். 'கோப் வித்' என்பதே உரியது. 'கீப் அப் வித்', 'கேட்ச் அப் வித்' ஆகியவற்றின் ஓசை அதை இழுத்துவந்திருக்க வேண்டும்.

6. ஆளும் பொருளும் சேர்ந்து வரும் வினைகள்

சில வினைகளோடு ஓர் ஆளும் ஒரு பொருளும் சேர்ந்து வரும். வினைக்கு அடுத்து உடனே யார் வரவேண்டும், முன்னிடைச்சொல்லுக்குப் பின் எது வரவேண்டும் என்ற வரிசை இங்கே முக்கியம். அகராதியின் 'எஸ்.பி.', 'எஸ்.டி.எச்.' சுருக்கங்கள் இதற்குத்தான்.

'ஸ்டீல்', 'ராப்' இரண்டும் திருட்டையும் பறிப்பையும் சொல்பவை. ஆனால் 'ஸ்டீல்' வினைக்கு அடுத்து வருவது பொருள்: 'ஹி ஸ்டோல் தி மணி ஃப்ரம் ஹெர்'. 'ராப்' வினைக்கு அடுத்து வருவது ஆள்: 'ஹி ராப்ட் ஹெர் ஆவ் தி மணி'. இடத்தை மாற்றி 'ஹி ராப்ட் தி மணி ஃப்ரம் ஹெர்' என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. 'ப்ளேம்' வினை இரண்டு வரிசையையும் ஏற்கும், ஆனால் முன்னிடைச்சொல் மாறும்: 'ப்ளேம் தி டிரைவர் ஃபார் தி ஆக்சிடென்ட்', 'ப்ளேம் தி ஆக்சிடென்ட் ஆன் தி டிரைவர்'. 'ப்ரொவைட்' வினையும் இத்தகையது: 'ப்ரொவைட் தெம் வித் ஃபுட்', 'ப்ரொவைட் ஃபுட் ஃபார் தெம்'.

நாளிதழ் படிப்பவர்களுக்குக் குற்றவழக்குச் சொற்கள் நல்ல பயிற்சி. 'அக்யூஸ்' வினை 'ஆவ்' ஏற்கும். 'சார்ஜ்' வினை 'வித்' ஏற்கும். 'அரெஸ்ட்' வினை 'ஃபார்' ஏற்கும். 'கன்விக்ட்' வினை மீண்டும் 'ஆவ்' ஏற்கும். ஒரே வழக்கின் செய்தியை நான்கு நாள் தொடர்ந்து படித்து இந்த நான்கையும் அடிக்கோடிட்டால், பட்டியல் எழுதாமலே மனத்தில் நின்றுவிடும்.

'எக்ஸ்ப்ளெயின்' வினை தனியே சொல்லப்பட வேண்டியது. 'கிவ் மீ', 'டெல் மீ', 'ஷோ மீ' என்று பழகிய நாக்கு 'எக்ஸ்ப்ளெயின் மீ திஸ் சம்' என்று இயல்பாகச் சொல்லிவிடுகிறது. 'எக்ஸ்ப்ளெயின் திஸ் சம் டு மீ' என்பதே சரி. 'சஜஸ்ட்', 'டிஸ்க்ரைப்', 'சே' ஆகியவையும் ஆளை நேரடியாக ஏற்பதில்லை, 'டு' வேண்டும். 'டெல்' வினையோ அதற்கு நேரெதிர்: 'டெல் டு மீ' என்பது தவறு.

7. பெயரடைகளை முன்னிடைச்சொல் மாறும்போது மாறும் பொருளோடு கற்றல்

வினைகளைவிடப் பெயரடைகள் எளியவை என்று பலர் எண்ணுகிறார்கள். 'ப்ரவுட் ஆவ்', 'அவேர் ஆவ்', 'கேப்பபிள் ஆவ்', 'சிமிலர் டு', 'ஃபேமஸ் ஃபார்' என ஒரே இணையோடு நின்றுவிடும் பெயரடைகளைப் பொறுத்தவரை அது உண்மை. சிக்கல் வருவது ஒரே பெயரடை இரண்டு மூன்று முன்னிடைச்சொற்களை ஏற்கும்போதுதான். அப்போது எதைத் தேர்ந்தெடுத்தாலும் இலக்கணப் பிழை தெரியாது, ஆனால் பொருள் வேறாகிவிடும். திருத்துகிறவரும் கவனிக்காமல் போகக்கூடும்.

ஒரு தாய் தன் மகனுக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்படுகிறாள் என்று எழுத நினைத்த மாணவி 'ஷி இஸ் அஃப்ரெய்ட் ஆவ் ஹெர் சன்' என்று எழுதினார். அதைப் படிப்பவர், மகனைக் கண்டு தாய் நடுங்குகிறாள் என்றே புரிந்துகொள்வார். அவர் எழுத நினைத்தது 'அஃப்ரெய்ட் ஃபார் ஹெர் சன்'. மாறியது ஒரு சிறு சொல். அந்த வீட்டின் கதையே மாறிவிட்டது.

'குட்' நான்கு திசையில் பிரியும். 'குட் அட் குக்கிங்' திறமையைச் சொல்கிறது. 'குட் ஃபார் ஹெல்த்' நன்மை தருவதைச் சொல்கிறது. 'குட் டு மீ' அன்பாக நடந்துகொள்வதைச் சொல்கிறது. 'குட் வித் சில்ட்ரன்' என்றால் குழந்தைகளோடு பழகும் பக்குவம் உடையவர். 'டயர்ட் ஃப்ரம் தி வாக்' என்றால் நடந்த களைப்பு. 'டயர்ட் ஆவ் வாக்கிங்' என்றால் நடந்து நடந்து சலித்துவிட்டது. 'ஐ ஆம் ஃபெமிலியர் வித் தி பிளேஸ்' என்று சொல்பவர் இடத்தை அறிந்தவர். 'தி பிளேஸ் இஸ் ஃபெமிலியர் டு மீ' என்பதில் அறியப்பட்ட இடம் முன்னால் வந்துவிடுகிறது. 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' என்பதன்பின் பொறுப்பேற்ற வேலை வரும். 'ரெஸ்பான்சிபிள் டு' என்பதன்பின் யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அவர் வருவார்.

'கைண்ட்' பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் அன்பு காட்டினால் 'ஹி வாஸ் கைண்ட் டு மீ'. அவர் செய்த செயலைப் பாராட்டி நன்றி கூறினால் 'இட் வாஸ் கைண்ட் ஆவ் யூ டு ஹெல்ப்'. 'கைண்ட் ஃபார் யூ' என்று எழுதுவது தவறு.

'ஃபுல்' என்றால் 'ஆவ்'. 'ஃபில்டு' என்றால் 'வித்'. 'டிஃபரன்ட்' என்பதோடு பிரிட்டனில் 'டு'வும் அமெரிக்காவில் 'தன்'னும் கேட்கக் கிடைக்கும். 'டிஃபரன்ட் ஃப்ரம்' என்றே பழகுங்கள், அது எங்கும் ஏற்கப்படும்.

8. முன்னிடைச்சொல்லுக்குப் பின் வரும் வினை வடிவம்

சரியான முன்னிடைச்சொல்லை எழுதிவிட்டு அடுத்த சொல்லில் தவறுவது இந்தக் கட்டத்தில் வரும் பிழை. முன்னிடைச்சொல்லுக்குப் பின் பெயர்ச்சொல் வரவேண்டும். வினை வந்தால் அது 'இங்' ஏற்றுப் பெயர்த்தன்மை பெற வேண்டும். தமிழில் 'நீந்துவதில்' என்று தொழிற்பெயராக்கிய பிறகே உருபை ஒட்டுவதை எண்ணிப் பாருங்கள். 'நீந்தில்' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே 'குட் அட் ஸ்விம்மிங்', 'இன்சிஸ்ட் ஆன் பேயிங்', 'சக்சீட் இன் கெட்டிங்', 'ப்ரிவென்ட் ஹிம் ஃப்ரம் கோயிங்' என்றே வரும்.

குழப்பம் முழுதும் 'டு' சொல்லால் வருகிறது. 'ஐ வான்ட் டு கோ' என்பதிலுள்ள 'டு' வினையின் முன்னொட்டு; 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்பதிலுள்ள 'டு' முன்னிடைச்சொல். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு: 'டு'வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு தி ஹாலிடேஸ்' என்று சொல்ல முடிகிறது. ஆகவே அது முன்னிடைச்சொல், 'இங்' வேண்டும். 'ஐ டிசைடட் டு தி ஹாலிடேஸ்' என்று சொல்ல முடியாது. ஆகவே வெறும் வினை போதும். 'ஆப்ஜெக்ட் டு', 'அக்கஸ்டம்ட் டு', 'அடிக்டட் டு' ஆகியவை முதல் வகை. 'ஐ யூஸ்ட் டு டிரைவ்' என்றால் முன்பு ஓட்டிவந்தேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங்' என்றால் ஓட்டிப் பழகியிருக்கிறேன்.

இன்னொரு விதி: 'தட்' என்று தொடங்கும் துணைவாக்கியம் வந்தால் முன்னிடைச்சொல் விலகிவிடும். 'ஐ ஆம் அவேர் ஆவ் தி ரிஸ்க்' என்று எழுதும் நாம், 'ஐ ஆம் அவேர் தட் இட் இஸ் ரிஸ்கி' என்று 'ஆவ்' இல்லாமலே எழுத வேண்டும்.

9. பெயரெச்சத் தொடரில் தொலைந்துபோகும் முன்னிடைச்சொல்

நன்றாக எழுதுகிறவர்களிடமும் தங்கிவிடும் பிழை இது. 'நான் வீட்டில் வாழ்கிறேன்' என்பதைப் பெயரெச்சமாக்கினால் 'நான் வாழும் வீடு' ஆகிறது, 'இல்' மறைந்துவிட்டது. 'நான் பேனாவால் எழுதுகிறேன்' என்பது 'நான் எழுதும் பேனா' ஆகும்போது 'ஆல்' மறைகிறது. தமிழில் இது முறையே. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் மறையாது. வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கும்: 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்', 'தி பென் ஐ ரைட் வித்', 'தி பஸ் ஐ ஆம் வெயிட்டிங் ஃபார்'.

வினாவிலும் இதே நிலைதான். 'வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?', 'ஹூ டிட் யூ ஸ்பீக் டு?' என்று கடைசிச் சொல்லோடு முடிக்க வேண்டும். முன்னிடைச்சொல்லில் வாக்கியம் முடியக் கூடாது என்று சிலர் சொல்லித்தந்திருப்பார்கள். அன்றாட ஆங்கிலம் அப்படித்தான் முடிகிறது, தயங்க வேண்டாம். செயப்பாட்டு வினையிலும் அது விடுபடலாகாது: 'தி சைல்ட் வாஸ் லுக்ட் ஆஃப்டர்', 'ஹி வாஸ் லாஃப்ட் அட்'.

சரிபார்க்கும் வழி: தொடரைப் பிரித்து முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். 'ஐ லிவ் இன் தி ஹவுஸ்' என்பதில் 'இன்' இருந்தால், சுருக்கிய தொடரிலும் அது இருந்தாக வேண்டும்.

10. பிரிந்து நிற்கும் சொற்களை வேறுபடுத்துதல்

'டர்ன் ஆஃப்', 'கிவ் அப்', 'பிக் அப்' போன்றவற்றில் இரண்டாம் சொல் முன்னிடைச்சொல்லைப்போல் தோன்றினாலும் வினையின் பகுதியாகவே இயங்குகிறது. 'இட்' என்னும் சொல்லை வைத்துச் சோதிக்கலாம். 'டர்ன் இட் ஆஃப்' என்று 'இட்' நடுவில் வரும். 'லுக் அட் இட்' என்பதில் கடைசியில்தான் வரும். காதும் உதவும்: 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' அழுத்தம் பெறும், 'லுக் அட் இட்' என்பதில் 'அட்' மெலிந்து ஒலிக்கும். இப்போதைக்கு இந்த வேறுபாடு போதும்.

11. பெயர்ச்சொல்லாக மாறும்போது மீண்டும் பார்த்தல்

வினைக்கோ பெயரடைக்கோ கற்ற முன்னிடைச்சொல்லை அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்லுக்கும் அப்படியே கொண்டுசெல்லக் கூடாது. 'டிபெண்ட் ஆன்', 'டிபெண்டன்ட் ஆன்', 'டிபெண்டன்ஸ் ஆன்' என்று ஒத்துப்போவனவும் உண்டு. ஆனால் 'இன்டிபெண்டன்ட்' என்றதும் 'ஆவ்' வந்துவிடுகிறது. 'ப்ரவுட் ஆவ்' என்பது 'ப்ரைட் இன்' ஆகிறது. 'ஃபாண்ட் ஆவ்' என்பது 'ஃபாண்ட்னஸ் ஃபார்' ஆகிறது.

நான்காம் படியில் முன்னிடைச்சொல் வேண்டாம் என்று அடித்த வினைகள், பெயர்ச்சொல்லாகும்போது அதைத் திரும்பக் கேட்கும்: 'எ டிஸ்கஷன் அபவுட் தி பட்ஜெட்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்', 'அன் ஆன்சர் டு தி கொஸ்டின்', 'எ லேக் ஆவ் டைம்'. 'ரிக்வெஸ்ட் ஃபார்' என்பது காதுக்குப் பழகிய ஒலியாக இருப்பதும், அதனால் வினையிலும் அது நுழைந்துவிடுவதும் இதனாலேயே. இந்தப் படியைக் கடைசிப் பகுதிக்குத் தள்ளியதற்கும் அதுவே காரணம். வினை வடிவம் உறுதிப்படும் முன் இதைச் சொன்னால் இரண்டும் கலந்துவிடும்.

12. நோட்டில் எழுதும் முறை

ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் வையுங்கள். இணையை மட்டும் எழுதாமல் முழு வாக்கியமாக, உங்கள் வாழ்க்கையில் உண்மையில் சொல்லக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள். 'அஃப்ரெய்ட் ஆவ்' என்று எழுதுவதைவிட, உங்கள் தெருவில் உள்ள நாயைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதுவது நினைவில் நிற்கும். பொருள் மாறும் பெயரடை என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம். அதன்கீழ் உங்கள் பழைய பக்கத்திலிருந்து பிழையான வாக்கியத்தை எழுதி ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, எந்தத் தமிழ் உருபு அங்கே நுழைந்தது என்று ஓரத்தில் குறியுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று சொற்களுக்குமேல் வேண்டாம். ஒரு வாரம் கழித்து, முன்னிடைச்சொல் இருந்த இடத்தைக் காலியாக விட்டு அந்த வாக்கியங்களை வேறு தாளில் எழுதி நிரப்பிப் பாருங்கள். முன்னிடைச்சொல் வேண்டாத வாக்கியங்கள் இரண்டு மூன்றிலும் அதேபோல் இடம் விட்டுக் கலந்துவையுங்கள். எல்லா இடைவெளியும் நிரப்பப்பட வேண்டியவை என்று கை பழகிவிட்டால் 'டிஸ்கஸ் அபவுட்' திரும்பி வந்துவிடும். தவறிய வாக்கியத்தை அன்றே அகராதியில் பார்த்துவிட்டு, அதே சொல்லுக்குப் புதிய வாக்கியம் ஒன்றைப் பக்கத்தின் அடியில் சேர்த்து, அடுத்த வாரத் தாளிலும் அதற்கு ஓர் இடம் கொடுங்கள்.